படகு செய்த கைகள் பாலத்தட்டும் செய்யுமா?

உடுவிலில் கடல் இல்லை. செம்மண் தோட்டங்கள், கிணறுகள், அடியில் சுண்ணாம்புக்கல். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு எங்கள் பிரதேசத்தில் கந்தரோடை, சங்குவேலிப் பக்கமாகப் போகிறது. அதைக் கடக்க மதகுகளும் சிறு பாலங்களும் போதும். ஆனாலும் இங்கே நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது பாலம் என்று சொல்லிப் பாருங்கள், நாவற்குழிப் பாலத்தைத்தான் சொல்வார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த வழி அது. முல்லைத்தீவில் கேட்டால் வட்டுவாகல் பாலம் என்பார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறிய சனம் கடந்த பாலம் அது.

பாலமே இல்லாத காலமும் எங்களுக்கு இருந்தது. 1990களின் முதற்பாதியில் ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டில் இருந்து வன்னிக்குப் போக வேண்டியவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். எல்லோரும் கரை சேரவில்லை. அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு கடந்ததும் அப்படி ஒரு பைபர் படகில்தான்.

அந்தப் படகு கண்ணாடி நாராலும் றெசினாலும் ஆனது. அதே பொருளில் வாகனங்கள் ஓடும் பாலத்தட்டுகளை வேறு நாடுகளில் 1980களில் இருந்தே செய்து வருகிறார்கள். அவை எப்படிச் செய்யப்படுகின்றன, எங்கே நின்றன, எங்கே தவறின, எங்கள் பட்டறைகளால் அதைச் செய்ய முடியுமா என்ற கேள்விகளோடு தேடியதில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாலத்தட்டும் உப்பும்

ஒரு பாலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். அடியில் தூண்கள். தூண்களுக்கு மேல் நீளவாட்டில் விட்டங்கள். விட்டங்களுக்கு மேல் ரயர் உருளும் பரப்பு. இந்த மூன்றாவதுதான் பாலத்தட்டு. வெயில், மழை, சில்லின் அடி எல்லாம் முதலில் விழுவது இதன் மேல்தான். அதனால் பெரும்பாலான பாலங்களில் முதலில் பழுதாவதும் இதுதான்.

வழக்கமான பாலத்தட்டு கொங்கிறீட்டால் ஆனது, உள்ளே கம்பி இருக்கும். உப்புக்காற்றும் உப்புநீரும் உள்ள இடத்தில் குளோரைட்டு மெல்ல மெல்லக் கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ள, கொங்கிறீட் வெடித்து உதிர்கிறது. கரையோர வீடுகளின் தூண்களில் மண்ணிற வடுவோடு நெடுக்காக ஓடும் வெடிப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உருக்குப் பாலங்களும் இதற்கு விலக்கல்ல. 2011 ஜனவரி 16ஆம் திகதி திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளமான உருக்குப் பாலம். கடல்நீரேரியின் மேல் நிற்கும் எந்த உருக்குப் பாலத்துக்கும் ஆயுள் முழுவதும் துருப் பார்த்துப் பூச்சுப் பூசும் ஒரு பராமரிப்பு தேவை. வட்டுவாகலுக்கு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1000 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டு, அதே ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி புதிய பாலத்தின் வேலை தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் பாலங்களை உடைத்தது. பாலம் ஒன்று போனால் எத்தனை ஊர் துண்டுபடும் என்பதை அந்தக் கிழமையில் மறுபடி பார்த்தோம்.

நாரும் றெசினும்

கண்ணாடியை உருக்கி மயிரிலும் மெல்லிய இழைகளாக இழுத்தால் கிடைப்பது கண்ணாடி நார். இழுவிசையைத் தாங்குவதில் சாதாரண உருக்கைவிட வலியது. ஆனால் தனி நாருக்கு உருவம் இல்லை, நூலைப் போலத் தொய்யும். அதைப் பிடித்து வைப்பது றெசின். இரண்டும் சேர்ந்து இறுகும்போது, துருப்பிடிக்காத, பாரம் குறைந்த பொருள் ஒன்று கிடைக்கிறது. நாரால் வலுவூட்டிய கூட்டுப்பொருள் என்பது இதற்குப் பாடப்புத்தகப் பெயர். கரையில் இதன் பெயர் பைபர்.

பாரக் கணக்கைப் பார்ப்போம். 20 சென்ரிமீற்றர் தடிப்பான கொங்கிறீட் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 480 கிலோ. அதே வேலையைச் செய்யும் பைபர் தட்டு 100 கிலோ அளவில் முடிந்துவிடும். காரணம், அது திண்மமான பலகை அல்ல. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் நிறைய இடைச்சுவர்கள். நெளி அட்டைப்பெட்டியின் அட்டையைக் கிழித்துப் பார்த்தால் தெரியும் அமைப்புத்தான். 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள கொங்கிறீட் தட்டைத் தூக்க கிறேன் வேண்டும். பைபர் தட்டை லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிப் போய்ப் பத்துப் பேர் பிடித்து வைக்கலாம்.

பாரம் குறைவதால் வேறொரு நன்மையும் உண்டு. பழைய பாலத்தின் தட்டு பழுதாகி, தூணும் விட்டமும் நல்ல நிலையில் இருந்தால், தட்டை மட்டும் மாற்றலாம். தட்டில் குறைந்த பாரம், அந்தப் பாலம் தாங்கக்கூடிய வாகனப் பாரத்தில் கூடும்.

குறை என்னவென்றால் விறைப்பு. பைபரின் விறைப்பு உருக்கினதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். உடைவதற்கு வெகு முன்பே வளையும். அதனால் இதை வடிவமைப்பவர்கள் உடையுமா என்பதைவிட எவ்வளவு தொய்யும் என்பதையே முதலில் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பாவிக்கும் ஓர் எல்லை, விட்டத்துக்கு விட்டம் உள்ள தூரத்தின் 800இல் ஒரு பங்கு. 2.4 மீற்றர் இடைவெளி என்றால் 3 மில்லிமீற்றருக்கு மேல் தொய்யக்கூடாது.

செய்யும் முறைகள்

முதலாவது, கையால் அடுக்குவது. எங்கள் படகுப் பட்டறைகளில் நடப்பது இதுதான். அச்சுக்கு மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போது மெற் விரித்து, றெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்றி, அதன் மேல் நெய்த றோவிங், மறுபடி மெற் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பாலத்தட்டுக்கு இதே முறையில், நுரைக்கட்டைகளைக் கண்ணாடித் துணியால் சுற்றி வரிசையாக வைத்து, மேலும் கீழும் தோல் அடுக்கலாம். சுற்றிய துணிதான் இடைச்சுவராக இறுகும்.

இரண்டாவது, வெற்றிட முறை. நாரையெல்லாம் காய்ந்த நிலையில் அடுக்கி, மேலே பிளாஸ்ரிக் தாள் போட்டு ஓரங்களை இறுக்கி அடைத்து, பம்பியால் உள்ளே உள்ள காற்றை இழுப்பார்கள். அந்த இழுவையில் றெசின் தானே உள்ளே ஓடி நாரை நனைக்கும். மெற்றைக் கையால் அடுக்கும்போது நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நார், மிச்சம் றெசின். வெற்றிட முறையில் நார் 60 சதவீதத்தைத் தாண்டும். வலுவைத் தருவது நார் என்பதால் இந்த வித்தியாசம் பெரியது. நெடியும் குறைவு. நெதர்லாந்தில் நூற்றுக்கணக்கான சிறு பாலங்கள் இந்த முறையில் செய்யப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது, இழுத்து வார்ப்பது. நூற்றுக்கணக்கான நார்க் கண்டுகளில் இருந்து வரும் இழைகள் றெசின் தொட்டிக்குள்ளால் போய், சூடான உலோக அச்சுக்குள் நுழைந்து, மறுபக்கம் இறுகிய குழலாக வெளிவரும். ஓர் இயந்திரம் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், வேண்டிய நீளத்தில் வாள் அறுக்கும். அந்தக் குழல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் தட்டு. தரம் ஒரே சீராக இருக்கும். ஆனால் இயந்திரமும் அச்சும் பெரும் முதலீடு. எங்கள் நிலைக்கு உடனே பொருந்துவது முதல் இரண்டும்தான்.

சென்னையில் கையால் செய்த மூன்று தட்டுகள்

கையால் அடுக்கிய தட்டு வாகனத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அழகுசுந்தரமூர்த்தியும் அவரோடு ஆய்வு செய்தவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் தடிப்பில் மூன்று தட்டுகளைக் கையால் அடுக்கிச் செய்தார்கள். அமெரிக்க, இந்திய வீதி விதிகளில் சொல்லப்படும் வாகனச் சுமையைப் பாதுகாப்புக்காகப் பெருக்கி, அந்தச் சுமையை ஏற்றித் தொய்வை அளந்தார்கள். அந்த அமெரிக்க விதியில் ஒரு பக்கச் சில்லின் சுமை மட்டும் ஏழு தொன்னுக்கு மேல். பாலத்தட்டுகளுக்காக ஒஹாயோ மாநில வீதித் திணைக்களம் வைத்திருந்த அளவுகோலை மூன்று தட்டுகளும் நிறைவு செய்தன.

வீதியிலும் உதாரணங்கள் உண்டு. சீனாவில் பெய்ஜிங்குக்கு அருகே மியுன் என்ற இடத்தில் 1982இல் 20 மீற்றர் அளவிலான பைபர் பாலம் ஒன்று கையால் அடுக்கிச் செய்யப்பட்டது. வாகனங்களுக்காகச் செய்த முதலாவது பைபர் பாலமாக அதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ரசல் என்ற சிறு ஊரில் 1996இல் 7 மீற்றர் பாலம் ஒன்றுக்கு, தேன்கூடு போன்ற நடுப்பகுதி கொண்ட தட்டுகளை உள்ளூர்ப் பட்டறையிலேயே கையால் செய்து வைத்தார்கள். அமெரிக்கப் பொது வீதியில் அதுவே முதலாவது. பெரிய தொழிற்பேட்டை ஒன்றும் இல்லாத ஊரில் அது நடந்தது என்பதை நாங்கள் கவனிக்க வேண்டும்.

எங்கே தவறியது

வெற்றியை மட்டும் சொன்னால் இந்தக் கட்டுரை விளம்பரமாகிவிடும். 1999இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில் சேலம் அவென்யூ பாலத்தில் நான்கு வகையான பைபர் தட்டுகளைப் பரீட்சார்த்தமாக வைத்தார்கள். சிலவற்றில் தோல் நடுப்பகுதியை விட்டுப் பிரிந்தது. மேலே போட்ட வீதிப்பூச்சு வெடித்தது. தட்டுக்கும் விட்டத்துக்கும் இடையே சரியாகப் பொருந்தாத இடைவெளிகள் இருந்தன. ஒறிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் மொறிசன் பாலத்தில் வைத்த பைபர் தட்டு சில ஆண்டுகளிலேயே ஆட்டம் கண்டது. திருகாணிகள் இளகின, வெடிப்புகள் வந்தன. வழக்கு வரை போய், கடைசியில் அதைக் கழற்றிவிட்டு உருக்குத் தட்டு வைத்தார்கள்.

இரண்டிலும் நார் அறுந்ததால் பாலம் விழவில்லை. குறை இருந்தது இணைப்புகளில். தோலும் நடுப்பகுதியும், தட்டும் தட்டும், தட்டும் விட்டமும், தட்டும் வீதிப்பூச்சும் சந்திக்கும் இடங்கள் அவை. படகு ஒரே அச்சில் ஒரே உடலாக வருவதால் இந்தப் பிரச்சினை குறைவு. பாலத்தில் ஒவ்வொரு பார ஊர்தி போகும்போதும் ஒவ்வொரு இணைப்பும் ஒருமுறை அசைகிறது. ஓர் ஆண்டில் அது இலட்சக்கணக்கான அசைவு.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். படகுக்குப் பாவிக்கும் மலிவான பொலியெஸ்ரர் றெசின் 60, 70 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். மத்தியான வெயிலில் கறுப்பு வீதிப்பரப்பு 60 பாகையைத் தொடும். சுடச்சுடப் போடும் தார்க்கலவை 150 பாகை அளவில் இருக்கும். எனவே பாலத்தட்டுக்கு ஐசோ வகைப் பொலியெஸ்ரரோ அதைவிட நல்ல வைனைல் எஸ்ரரோ வேண்டும். மேற்பூச்சுக்குத் தாருக்குப் பதிலாக மணலும் றெசினும் கலந்த பூச்சு பொருத்தம். தீப்பிடித்தால் பைபர் நச்சுப்புகையோடு எரியும். பழுதான பின் உருக்கி மறுபடி பாவிக்க முடியாது. கரைகளில் கிடக்கும் உடைந்த படகுகளே அதற்குச் சாட்சி.

பட்டறையில் கேட்டது

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு, கரையோரப் படகுப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். முப்பது வருடமாக அடுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் சென்னைத் தட்டின் அளவைச் சொல்லிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அச்சு எப்படி இருக்கும், எத்தனை அடுக்கு என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "செய்யிறதில என்ன இருக்கு" என்றார். கொஞ்சநேரம் கழித்து அவரே கேட்டார்: "தம்பி, வள்ளத்தில வெடிப்பு வந்தா நான் கரையில இழுத்துப்போட்டு ஒட்டுவன். பாலத்துக்குள்ள வெடிப்பு வந்தா ஆருக்குத் தெரியும்?"

அவரைச் சுற்றிப் பார்த்தபோது இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஸ்ரைறீன் நெடி கண்ணை எரித்தது. கையுறை போட்டவர் ஒருவர், முகமூடி போட்டவர் எவரும் இல்லை. றெசினை இறுக வைக்கும் ஹாட்னரை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் கண்மதிப்பில் ஊற்றினார்கள். அந்தத் திரவம் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கோபால்ற் திரவத்தோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். வெயில் கூடின நாளில் ஹாட்னர் கூடினால் றெசின் நாரை நனைக்கும் முன்பே இறுகிவிடும். படகில் அது ஒரு பொத்தல். பாலத்தட்டில் அது யாருக்கும் தெரியாமல் உள்ளே இருக்கும் வெற்றிடம். தொழிலாளியின் உடல்நலமும் தட்டின் தரமும் இங்கே ஒரே ஒழுங்கில்தான் தங்கியிருக்கின்றன. அளந்து ஊற்றுவது, காற்றோட்டம், கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் அந்த ஒழுங்கைச் சேர்ந்தவை.

எங்களிடம் இருப்பவை

வடக்குக்கு இந்தத் தொழில் புதிதல்ல. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே போனவர். 1960களின் பிற்பகுதியில் அவர் முன்னின்று தொடங்கிய சீநோர் அமைப்பு, காரைநகரில் படகுத்தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் கொண்டுவந்தது. பின்னர் அது அரசின் கைக்குப் போனது. நோர்வேயில் தமிழர் வேரூன்றியதற்கும் அந்தத் தொடர்பே வழி. அந்தக் காலத்தில் பரவிய பைபர் வேலை போருக்குள்ளும் அழியவில்லை.

நாரும் றெசினும் இறக்குமதிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் நின்ற பிறகு, எங்கள் சீமெந்தும் வெளியில் இருந்துதான் வருகிறது. கம்பியும் அப்படித்தான். கன்சாஸ் ஊருக்கு இருந்து எங்களுக்கு இன்னும் சேராமல் இருப்பது பொறியியலாளரும் பட்டறையும் ஒரே மேசையில் இருப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் இருந்து கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. அங்கிருந்து கரையோரப் பட்டறைக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலப் பயணம்.

இடைவழி ஒன்றும் உண்டு. தட்டு முழுவதையும் பைபரில் செய்யாமல், கொங்கிறீட்டுக்குள் இரும்புக்கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி நார்க் கம்பி வைப்பது. குளிர்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் கனடாவில் பல பாலத்தட்டுகள் இப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. அந்நாட்டின் பாலக் கட்டுமான விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. கனடாவில் இந்தத் துறையில் வேலை செய்யும் எம்மவர்கள் பணத்தைவிட இந்த அனுபவத்தை அனுப்பினால் பயன் கூட.

எங்கே தொடங்கலாம்

வட்டுவாகலிலோ சங்குப்பிட்டியிலோ இதைத் தொடங்கச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது. தொடங்க வேண்டிய இடம் தோட்டத்துக்குப் போகும் வாய்க்கால் மதகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் நடைபாலம். நடைபாலத்துக்கு வழக்கமாக எடுக்கும் சுமை ஒரு சதுர மீற்றருக்கு 500 கிலோ அளவு. 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள தட்டுக்கு அது 1500 கிலோ, அதாவது 50 கிலோ சீமெந்து மூட்டை முப்பது. இரண்டு பக்கமும் தாங்கி வைத்து, மூட்டைகளைச் சீராக அடுக்கி, நடுவில் தொய்வுமானி வைத்து, ஒரு நாள் விட்டு, இறக்கிய பின் தட்டு பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்கலாம். இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. பாதுகாப்பு மடங்கை வைத்துச் சுமையைக் கூட்டுவதும், வாகனம் போகும் தட்டுக்கு ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றிப் பார்ப்பதும் பொறியியலாளரின் கையெழுத்தோடு நடக்க வேண்டியவை.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பதிவும் வேண்டும். என்ன றெசின், எத்தனை அடுக்கு, நார் எந்தத் திசையில், அன்றைய வெப்பநிலை, ஹாட்னர் அளவு, அடுக்கியவர் யார். ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டு ஒன்றை இலக்கம் போட்டு வைத்தால், பத்து வருடம் கழித்தும் அதைச் சோதிக்கலாம். தட்டை வைத்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை காசு நாணயத்தால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், தோல் பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். உலகெங்கும் பாலம் பார்ப்பவர்கள் செய்யும் முதற்சோதனை இதுதான்.

பட்டறையில் அந்த அண்ணை கேட்டதற்கு என்னிடம் இப்போது உள்ள பதில் இவ்வளவுதான். உள்ளே வந்த வெடிப்பு தானாகத் தெரியாது, பார்ப்பதற்கு ஓர் ஆளும் எழுதி வைத்த ஒரு பதிவும் இருந்தால்தான் தெரியும். அந்த ஆளை நியமிப்பது பிரதேச சபையின் வேலை. கேட்டு வாங்குவது அந்த மதகால் போய்வரும் எங்கள் வேலை.